மூளைச் சீவலில் மின்னுவது நியூரான்தானா?

ராமநாதபுரம் கடலோரத்தில் மூளைத் திசு பற்றிய பேச்சு அவ்வப்போது எழும். மண்டபம் பக்கமோ தொண்டி பக்கமோ ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல் பசுவோ, ஓங்கில் எனும் டால்பினோ இறந்து ஒதுங்கும். கால்நடை மருத்துவர் வந்து உடற்கூறாய்வு செய்வார். ‘உறுப்பு மாதிரிகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன’ என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். வெறி பிடித்த நாய் நாலு பேரைக் கடித்துவிட்டுச் செத்தால், அதன் தலையை ஐஸ் வைத்து அனுப்பச் சொல்வார்கள். இது போதாதென்று, பச்சையும் சிவப்புமாக ஜொலிக்கும் மூளைப் படங்கள் கைபேசிக்கு வருகின்றன. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலுள்ள சிசுக்களின் மூளைகளில் 5,132 சீவல்களைப் படமாக்கி வெளியிட்டபோது, மூளையைச் சீவிப் பார்ப்பது முதல் பக்கச் செய்தியாகவே ஆனது.

இதையெல்லாம் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது நியாயம்தான். ஆன்டிபாடி என்றால் தடுப்பூசி போட்டபின் ரத்தத்தில் உண்டாவது. அதைச் செத்த மூளையின் மேல் ஊற்றி, நரம்புச் செல்லான நியூரானை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்தப் பச்சை நிறம் யாருடையது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆன்டிபாடிக்கு நியூரானைத் தெரியாது. ஏதோ ஒரு புரதத்தின் சின்னத் துணுக்கு மட்டும்தான் அதற்குத் தெரியும். ‘இந்தத் துணுக்கு இருக்கிற செல் நியூரானாகத்தான் இருக்கும்’ என்பது ஆய்வாளர் தாமாகச் சேர்த்துக்கொள்ளும் முடிவு. பெரும்பாலும் அந்த முடிவு சரியாகவே இருக்கும். தவறும் இடங்கள் எவை, ஏன் தவறுகிறது என்பதுதான் விஷயம்.

சாயம் ஏற்றாத மூளையில் என்ன தெரியும்?

கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. மூளையை 30 மைக்ரோமீட்டர் தடிமனில், அதாவது தலைமுடியின் பாதித் தடிமனுக்கும் குறைவாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் மங்கலான கண்ணாடித் துண்டு மாதிரிதான் இருக்கும். அதனால் மூளை ஆய்வின் வரலாறே பாதிக்குப் பாதி சாயங்களின் வரலாறு. 1873இல் இத்தாலியின் கமிலோ கோல்ஜி வெள்ளி உப்பைக் கொண்டு நியூரான்களைக் கறுப்பாக்கினார். ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ காஹல் அதே முறையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நியூரானும் தனித்தனிச் செல் என்று வாதாடினார். கோல்ஜி அதை ஏற்கவில்லை. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசளிப்பு உரையில்கூட கோல்ஜி தம் பழைய வாதத்தை விடவில்லை.

கோல்ஜியின் முறையில் ஒரு சங்கடம் உண்டு. நூறு நியூரானில் ஒன்றிரண்டுதான் கறுக்கும். அதுவும் எது கறுக்கும் என்று சொல்லவே முடியாது. அடுத்து வந்த நிஸ்ல் சாயம் நேர் எதிர். அது ஆர்.என்.ஏ. இருக்கும் இடத்திலெல்லாம் ஒட்டும் என்பதால் எல்லாச் செல்லும் ஊதாவாகத் தெரியும். பெரிய நியூரான்களை அதில் எளிதில் அடையாளம் காணலாம். சிறிய நியூரானையும், மூளையில் கூடவே இருக்கும் துணைச் செல்களான கிளியாவையும் பிரித்துச் சொல்வதில்தான் பழகிய கண்ணுக்கும் சந்தேகம் வரும். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். இந்தத் தகராறைத் தீர்க்கத்தான் ஆன்டிபாடி உள்ளே வந்தது.

ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது?

ஆன்டிபாடி ‘ஒய்’ வடிவப் புரதம். அதன் இரு நுனிகளும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மட்டுமே போய் ஒட்டும். அந்த வடிவம் முழுப் புரதம் அல்ல, சில அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு பகுதி. அதற்கு எபிடோப் என்று பெயர்.

பாம்பன் கடலில் போகும் விசைப்படகை அதன் பதிவு எண்ணை வைத்து அடையாளம் காண்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் படிப்பவர் படகையே பார்ப்பதில்லை, பெயின்டில் எழுதிய எண்ணைத்தான் பார்க்கிறார். உப்புக்காற்றில் பெயின்ட் உதிர்ந்துவிட்டால் படகு கண்ணெதிரே நின்றாலும் கணக்கில் வராது. வேறொரு படகில் அதே எண்ணை எழுதிவைத்திருந்தால் அதுவும் இதுவாகவே பதிவாகும். எண்ணின் மேல் வலையைப் போர்த்தியிருந்தால், விலக்கிப் பார்க்கிற வரை தெரியாது. ஆன்டிபாடி செய்யும் பிழைகள் எல்லாமே ஏறக்குறைய இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஆன்டிபாடியை இரண்டு விதமாகத் தயாரிக்கிறார்கள்.

1. பாலிகுளோனல்: முயலுக்கோ ஆட்டுக்கோ ஒரு புரதத்தை ஊசியாகப் போட்டு, சில வாரம் கழித்து அதன் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியை எடுப்பது. ஒரே புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் கலவை இது. பலமாக ஒட்டும். அந்த விலங்கு இறந்துவிட்டால் அதே கலவை மறுபடி கிடைக்காது.

2. மோனோகுளோனல்: ஆன்டிபாடி சுரக்கும் ஒரே ஒரு செல்லைப் பிரித்து, சாகாத புற்றுச் செல்லோடு இணைத்து வளர்ப்பது. 1975இல் ஜார்ஜஸ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த வழி. 1984இல் இதற்கு நோபல் கிடைத்தது. ஒரே எபிடோப், ஒரே வகை ஆன்டிபாடி, வருடக்கணக்கில் தயாரிக்கலாம். ஆனால் அந்த ஒரு எபிடோப் சிதைந்துவிட்டால் கதை முடிந்தது.

நிறம் யாருடையது?

நியூரானுடைய நிறம் இல்லை. ஆன்டிபாடிக்கும் சொந்த நிறம் கிடையாது. 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் உடனிருந்தவர்களும் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய முறை.

இப்போது பெரும்பாலும் இரண்டு அடுக்காகச் செய்கிறார்கள். முதல் ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்கும், அதில் சாயம் இருக்காது. இரண்டாவது ஆன்டிபாடி முதலாவதைப் பிடிக்கும், சாயம் இதில்தான் இருக்கும். முதலாவது எலியில் தயாரித்தது என்றால், ‘எலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடி’ என்று இரண்டாவதை வாங்குவார்கள். முதல் ஆன்டிபாடி ஒன்றின் மேல் இரண்டாவது பல வந்து ஒட்டுவதால் ஒளி கூடும். ஒரே சீவலில் இரண்டு நிறம் வேண்டுமானால் முதல் ஆன்டிபாடிகள் இரண்டும் வெவ்வேறு விலங்கில் தயாரித்தவையாக இருக்க வேண்டும், ஒன்று எலி, ஒன்று முயல் என்பதுபோல. எலியின் மூளையில் எலி ஆன்டிபாடியைப் போட்டால் இன்னொரு தொல்லை வரும். திசுவிலேயே இருக்கும் எலியின் சொந்த ஆன்டிபாடியின் மேலும் இரண்டாவது போய் ஒட்டிக்கொள்ளும். ரத்தக் குழாய்களெல்லாம் மின்னும். புதிதாக வேலைக்கு வந்தவர் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பதும் உண்டு.

ஒளிரும் சாயத்துக்குப் பதிலாகப் பெராக்சிடேஸ் என்ற நொதியை இணைப்பது இன்னொரு வழி. டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அது பழுப்பாகப் படியும். ஒளிரும் சாயம் போல மங்காது, சாதாரண நுண்ணோக்கியே போதும். மருத்துவமனை நோய்க்குறியியல் ஆய்வகங்களில் இதுதான் அதிகம். ஆனால் சிவப்பணுக்களுக்குள்ளும் பெராக்சிடேஸ் போல வேலை செய்யும் பொருள் இருக்கிறது. அதனால் ரத்தம் கழுவப்படாத திசுவில் முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அதை அடக்கிவிட்டுத்தான் தொடங்குவார்கள். கரை ஒதுங்கிய விலங்கின் மூளையில் ரத்தம் உறைந்தே இருக்கும் என்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

இந்த வேலையில் நம் கடலின் பங்கும் உண்டு. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் முழுகி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தயாரிக்கப் போகின்றன. அகரைச் சுத்திகரித்தால் அகரோஸ். மென்மையான மூளையைச் சீவும்போது நசுங்காமலிருக்க அகர் அல்லது அகரோஸ் கட்டிக்குள் பதித்துக்கொள்வது பழக்கம். சிவப்புப் பாசிகளுக்கு நிறம் கொடுக்கும் ஃபைகோஎரித்ரின் என்ற நிறமியையும் ஆன்டிபாடியில் இணைக்கிறார்கள். நுண்ணோக்கியின் ஒளியில் சீக்கிரம் மங்கிவிடுவதால் திசுச் சீவலைவிட ரத்தச் செல்களை எண்ணும் கருவிகளில்தான் அதற்கு மவுசு.

சீவல் கடந்து வரும் படிகள்

பிழை எந்தப் படியில் நுழைகிறது என்று தெரிந்தால்தான் படத்தை மதிப்பிட முடியும். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

1. பதப்படுத்துதல். செல் செத்த உடனே அதன் நொதிகள் உள்ளிருந்தே புரதங்களை வெட்டத் தொடங்கும். ஃபார்மால்டிஹைடு கரைசல் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இதை நிறுத்தும். 10 சதவீத ஃபார்மலின் என்று சொல்வதில் உண்மையில் 4 சதவீத அளவுதான் ஃபார்மால்டிஹைடு. கரைசல் மெதுவாகத்தான் உள்ளே ஊறும். முழு மூளையை அப்படியே ஜாடியில் போட்டால் மேல்பரப்பு பதமாகி நடுப்பகுதி அழுகிவிடலாம். ஆய்வக எலியில் ரத்தக் குழாய் வழியாகவே கரைசலைச் செலுத்துவார்கள். மே மாத வெயிலில் மூக்கையூர் கரையில் கிடக்கும் ஓங்கிலுக்கு அது நடக்கிற காரியமில்லை.

2. சீவுதல். உறைய வைத்தும் சீவலாம், மெழுகில் பதித்தும் சீவலாம். உறைய வைப்பதானால் முதலில் 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் ஊறப்போடுவார்கள். மிதக்கும் மூளை அடியில் போய் உட்கார்ந்ததும் பதம் வந்தது என்று அர்த்தம். இதைச் செய்யாமல் உறைய வைத்தால் பனிப் படிகங்கள் திசுவைக் கிழித்து ஓட்டை ஓட்டையாக்கிவிடும்.

3. மறைந்த எபிடோப்பை வெளிக்கொணர்தல். ஃபார்மலின் போட்ட பிணைப்பே சில நேரம் எபிடோப்பை மூடிவிடும். சீவலைச் சிட்ரேட் கரைசலில் கொதி நிலைக்கு அருகில் சூடாக்கினால் அது விடுபடும். 1991இல் மைக்ரோவேவ் அடுப்பை வைத்துத்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு, அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த ஃபார்மலின் திசுவுக்குக்கூட மதிப்பு வந்தது.

4. வெற்று ஒட்டலைத் தடுத்தல். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, முதலில் ஆட்டு ரத்தச் சீரம் போன்றவற்றால் சீவலை ஊறவைப்பது.

5. முதல் ஆன்டிபாடி, கழுவுதல், இரண்டாம் ஆன்டிபாடி, கழுவுதல். வழக்கமாக முதலாவதை 4 டிகிரி குளிரில் இரவு முழுக்க விடுவார்கள். கழுவுவதில் சோம்பேறித்தனம் காட்டினால் பின்னணி முழுக்க மினுமினுக்கும்.

6. எல்லாச் செல்லின் உட்கருவையும் நீலமாகக் காட்டும் டாபி சாயம். இது ஆன்டிபாடி அல்ல, டி.என்.ஏ.வில் நேராக ஒட்டுவது. நீலம் எல்லாச் செல், பச்சை நியூரான் என்று கணக்கெடுக்க இது அவசியம்.

எந்தப் புரதத்தை வைத்து நியூரான் என்று சொல்வது?

நியூரானில் இருந்து மற்ற செல்களில் இல்லாத புரதம் வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. பழக்கத்தில் இருப்பவை இவை:

1. நியூ-என். முதிர்ந்த நியூரானின் உட்கருவில் தெரியும். செல்லை எண்ணுவதற்கு இதைவிடத் தோதானது இல்லை.

2. எம்.ஏ.பி.2. செல் உடலையும் டென்ட்ரைட் எனும் கிளைகளையும் காட்டும். பார்க்க அழகாக இருக்கும். இறப்புக்குப் பின் சீக்கிரம் சிதையக்கூடியது.

3. நியூரோஃபிலமென்ட். நீண்ட ஆக்ஸான் இழைகளுக்கு.

4. டபுள்கார்ட்டின். இடம்பெயர்ந்துகொண்டிருக்கும் இளம் நியூரான்களுக்கு. சிசு மூளையில் இது நிறைய வேலை செய்யும்.

5. ஹு-சி, ஹு-டி. இதன் பின்னணி விநோதமானது. ஒருவகை நுரையீரல் புற்றுநோய் உள்ள சிலருக்கு, புற்றை எதிர்த்து உண்டான ஆன்டிபாடிகளே சொந்த நியூரான்களையும் தாக்கி நரம்புக் கோளாறை உண்டாக்கின. அந்த நோயாளிகளின் ரத்தத்தை மூளைச் சீவலில் ஊற்றியபோது நியூரான்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அந்த வழியில் போய்க் கண்டெடுத்த புரதங்கள்தான் இவை.

நியூரானின் வகையைச் சொல்ல வேறு புரதங்கள் தேவை. டோபமைன் தயாரிக்கும் பாதையில் உள்ள டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியைத் தேடி, பார்க்கின்சன் நோயில் எத்தனை செல் போயின என்று எண்ணுகிறார்கள். ஆனால் நார்அட்ரினலின் நியூரானிலும் அதே நொதி இருக்கிறது. மூளையின் எந்த இடத்திலிருந்து சீவினோம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் எது எது என்று சொல்ல முடியும். கூடவே ‘இது நியூரான் இல்லை’ என்று காட்டும் அடையாளங்களும் உண்டு. விண்மீன் வடிவ ஆஸ்ட்ரோசைட்டுக்கு ஜி.எஃப்.ஏ.பி., மூளையின் காவல் செல்லான மைக்ரோகிளியாவுக்கு ஐபா-1. ஒரு சீவலில் நியூரான் அடையாளத்தோடு இவற்றில் ஒன்றையும் சேர்த்துக் காட்டாத படத்தை நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

நியூ-என் காட்டாத நியூரான்கள்

இந்த ஒரு அடையாளத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் மூளை பற்றி நாம் தினசரி படிக்கும் ஒரு எண்ணே இதன் மேல்தான் நிற்கிறது.

1992இல் முல்லன், பக், ஸ்மித் என்ற மூவர் இந்த ஆன்டிபாடியை வெளியிட்டார்கள். எலிகளுக்கு மூளைச் செல்களின் உட்கருக்களை ஊசியாகப் போட்டுக் கிடைத்த மோனோகுளோனல் அது. நியூரானின் உட்கருவில் ஒட்டுகிறது, அவ்வளவுதான் தெரியும். எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று தெரியாமலேயே உலகம் முழுக்க 17 வருடம் பயன்படுத்தினார்கள்! 2009இல்தான் அது ஃபாக்ஸ்-3 என்ற, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலையில் பங்கெடுக்கும் புரதம் என்று தெரிந்தது.

அதே 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள், 50 முதல் 71 வயது வரையிலான 4 ஆண்களின் மூளைகளைக் கரைத்து, உட்கருக்களை மட்டும் ஒரே சீரான கரைசலாக்கினார்கள். அதில் டாபியையும் நியூ-என் ஆன்டிபாடியையும் சேர்த்து எண்ணினார்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான், ஏறக்குறைய அதே அளவுக்கு மற்ற செல்கள் என்று வந்தது. அதுவரை பாடநூல்கள் 10,000 கோடி நியூரான், அதைப் போல 10 மடங்கு கிளியா என்று சொல்லிவந்தன.

சரி, இப்போது சிக்கல். சிறுமூளையில் உள்ள பர்கின்ஜி செல் மூளையின் மிகப் பெரிய நியூரான்களில் ஒன்று, காஹல் வரைந்த படங்களிலேயே பெயர்போனது. அதில் நியூ-என் ஒட்டாது. முகர்ச்சிக் குமிழின் மைட்ரல் செல்களிலும் ஒட்டாது. விழித்திரையின் ஒளி வாங்கும் செல்களிலும் ஒட்டாது. பர்கின்ஜி செல்கள் மொத்தத்தில் மிகச் சிறுபங்கு என்பதால் 8,600 கோடிக் கணக்கு இதனால் பெரிதாகக் கெடுவதில்லை. ஆனால் சிறுமூளையை மட்டும் ஆராய்பவர் ‘பச்சை இல்லை, ஆகவே நியூரான் இல்லை’ என்று எழுதினால் அது அபத்தம். அங்கே கால்பின்டின் என்ற வேறு புரதத்தைத் தேடினால் பர்கின்ஜி செல் கிளையும் கொப்புமாகத் தெரியும்.

இதைவிட நுட்பமான சிக்கல் பக்கவாத ஆய்வுகளில் வருகிறது. ரத்த ஓட்டம் தடைபட்ட பகுதியில் நியூ-என் மங்கும். நியூரான் செத்துவிட்டது என்று எண்ணிவிடத் தோன்றும். சில நேரம் செல் உயிரோடுதான் இருக்கும், புரதம் மட்டும் குறைந்திருக்கும் அல்லது எபிடோப் மாறியிருக்கும். ஒரு மருந்து கொடுத்த எலியில் பச்சை கூடியது என்றால், அது நியூரானைக் காப்பாற்றியதா, அல்லது அடையாளத்தை மட்டும் மீட்டதா? இந்தக் கேள்விக்குப் பதிலில்லாமல் ‘பக்கவாதத்துக்கு மருந்து’ என்று தலைப்பு போட்டுவிட முடியாது.

வெறிநோய்ச் சோதனையில் நடப்பது

நாய்த் தலையை ஐஸில் அனுப்பச் சொல்வதும் இதே தொழில்நுட்பத்துக்காகத்தான். ஒரு வித்தியாசம், இங்கே தேடுவது நியூரானை அல்ல, நியூரானுக்குள் இருக்கும் வைரஸை. மூளைத் தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் சிறு துண்டெடுத்துக் கண்ணாடியில் ஒற்றி, அசிட்டோனில் பதப்படுத்தி, வெறிநோய் வைரஸின் நியூக்ளியோ புரதத்தைப் பிடிக்கும் ஒளிரும் ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். வைரஸ் இருந்தால் இருட்டில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். சில மணி நேரத்தில் விடை கிடைக்கும். உலக சுகாதார நிறுவனமும் உலக விலங்கு நல அமைப்பும் பரிந்துரைக்கும் முறை இது. அதற்கு முன் 1903இல் அடெல்கி நெக்ரி கண்டறிந்த நெக்ரி உடலங்களைச் சாயமேற்றித் தேடுவார்கள். நோய் இருந்தும் அவை தென்படாமல் போவதுண்டு. அந்த நெக்ரி உடலங்கள் நன்றாகத் தெரியும் இடங்களில் ஒன்று, நியூ-என் கண்ணில் படாத அதே பர்கின்ஜி செல்.

இதனால் வரும் நடைமுறை விஷயங்கள்:

1. தலையைக் குளிரில் அனுப்ப வேண்டும், ஃபார்மலினில் போடக் கூடாது. இந்தச் சோதனைக்குப் புதிய திசுதான் தேவை. மீன் இறங்குதளம் உள்ள எந்த ஊரிலும் ஐஸுக்குப் பஞ்சமில்லை. உடைத்த ஐஸ் திசுவில் நேராகப் படாமல், கசியாத உறைக்குள் வைத்து அதைச் சுற்றி ஐஸ் போட வேண்டும்.

2. அழுகிய மூளையில் பச்சை தெரியவில்லை என்றால் ‘நோய் இல்லை’ என்று அர்த்தமில்லை. எபிடோப்பே சிதைந்திருக்கலாம்.

3. தலையை வெட்டுவது கால்நடைத் துறையினர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. வீட்டு அரிவாளை எடுக்கக் கூடாது. எச்சிலும் மூளைத் திசுவும் தெறித்தாலே ஆபத்து.

4. கடிபட்டவர் இந்த முடிவுக்காகக் காத்திருக்கவே கூடாது. 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு, ஆயத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினையும் காயத்திலேயே செலுத்துவார்கள். நாய்த் தலையின் சோதனையில் வேலை செய்வதும் கடிபட்டவரின் காயத்தில் வேலை செய்வதும் ஒரே இனப் புரதம்தான்.

படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

கடையில் விற்கும் ஆன்டிபாடி எல்லாம் லேபிளில் போட்டிருப்பதைத்தான் பிடிக்கும் என்று நம்புவது தவறு. 2015இல் 100க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில், மரபணு வரிசை தெரிந்த ஆன்டிபாடிகளுக்கு மாற வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். 2023இல் வெளியான ஒரு பரிசோதனையில் நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்கு விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளைச் சோதித்தபோது, பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. இத்தனைக்கும் ஒவ்வொன்றும் விலை கூடியது.

அதனால் கேட்க வேண்டியது மூன்று. முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்ட சீவலைக் காட்டினார்களா? அதிலும் மின்னினால் மின்னுவது நியூரான் இல்லை, அழுக்கு. வயதான நியூரான்களில் சேரும் லிப்போஃபசின் என்ற நிறமி தானாகவே ஒளிரும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அடுத்து, அந்தப் புரதத்தின் மரபணுவையே நீக்கிய விலங்கின் மூளையில் ஆன்டிபாடி ஒட்டாமல் இருந்ததா? இதுதான் கண்டிப்பான சோதனை. கடைசியாக, ஆன்டிபாடியை எந்த விலங்கின் புரதத்துக்காகத் தயாரித்தார்கள், எந்த விலங்கின் மூளையில் போட்டார்கள்? நம் கடற்கரைக்கு இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

மீன், கணவாய், ஆவுளியா

சந்தையில் கிடைக்கும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் மனிதன், சுண்டெலி, எலி ஆகியவற்றின் புரதங்களை மனதில் வைத்துத் தயாரித்தவை. வேறு விலங்கில் அவை வேலை செய்யுமா என்பது, அந்த எபிடோப் பரிணாமத்தில் மாறாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

கடல் பசுவும் ஓங்கிலும் பாலூட்டிகள். நியூ-என் பல பாலூட்டிகளில் ஒட்டுகிறது என்பதால் அங்கே கவலை இனத்தைப் பற்றியது அல்ல, நேரத்தைப் பற்றியது. கடல் பசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இறந்ததாக இருந்தாலும் அனுமதியில்லாமல் யாரும் மாதிரி எடுக்க முடியாது. தகவல் போய், ஆள் வந்து, மண்டையோட்டைத் திறப்பதற்குள் வெப்பம் தன் வேலையைச் செய்திருக்கும். எம்.ஏ.பி.2 போன்ற மென்மையான அடையாளங்களை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

மீன் மூளையில் ஹு ஆன்டிபாடியைத்தான் பலரும் நாடுகிறார்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனில் அது நன்றாக நிரூபணமானது. சூடையிலோ விளமீனிலோ முதல்முறை செய்பவர், வரிக்குதிரை மீனின் சீவலையும் பக்கத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: மீன்கள் ஆயுள் முழுக்கப் புது நியூரான்களை உண்டாக்கும். பாலூட்டியில் ஆஸ்ட்ரோசைட்டைக் காட்டும் ஜி.எஃப்.ஏ.பி., மீனில் ரேடியல் கிளியா என்ற, நியூரானைப் பெற்றெடுக்கும் செல்களைக் காட்டும். ஒரே பச்சைக்கு இரண்டு விலங்கில் இரண்டு அர்த்தம்.

கணவாய்க்கு முதுகெலும்பே இல்லை. எலியின் நியூ-என் ஆன்டிபாடியை ஊசிக்கணவாயில் போட்டுவிட்டுத் தெரியவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று விளக்கியது கணவாயின் பெரிய ஆக்ஸானை வைத்துத்தான். பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) சுமார் 50 கோடி நியூரான்களில் பெரும்பகுதி அதன் கைகளிலேயே இருக்கிறது. இந்த விலங்குகளில் ஆய்வாளர்கள் வேறு தந்திரம் செய்கிறார்கள். பரிணாமத்தில் மாறவே மாறாத பொருளைத் தேடுகிறார்கள். அசிட்டைல் ஏறிய டியூபுலின் புரதம் ஈயிலிருந்து மனிதன் வரை ஏறக்குறைய ஒன்றுதான். நியூரான்கள் தகவல் கடத்தப் பயன்படுத்தும் செரட்டோனின் அதைவிடப் பாதுகாப்பு. அது புரதமே இல்லை, சின்ன மூலக்கூறு, எந்த விலங்கிலும் அதே வடிவம். ஆகவே செரட்டோனினுக்கான ஆன்டிபாடி எலியிலும் ஒட்டும், நண்டிலும் ஒட்டும், கணவாயிலும் ஒட்டும். ஆனால் அது காட்டுவது செரட்டோனின் வைத்திருக்கும் செல்களை மட்டும்தான். மற்ற நியூரான்கள் அதே சீவலில் இருட்டாகவே இருக்கும்.